இருபது பாடத்தில் பூட்டுத் தொழில்

என் புருஷன் மெர்லுக்குப் பூட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எல்க் டேலில் இதை யாரும் நம்ப மாட்டார்கள். அது மெர்லின் சொந்த மூளையில் உதித்தது என்றுதான் ஊரில் பேச்சு. நானும் திருத்தவில்லை. மெர்லின் மூளையைப் பற்றி நாலு பேர் நல்லபடியாக நினைப்பதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

ஐம்பத்தேழாம் வருஷம், மே மாதம். பன்னிரண்டு வருஷமாகத் தானியக் கிடங்கில் சோளத் தூசியை இழுத்து இழுத்து இருமிக்கொண்டிருந்தவனை டாக்டர் உட்கார வைத்து, இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள் என்று உபதேசம் வேறு. எங்கள் ஊரில் உட்கார்ந்தபடி சம்பளம் வாங்கும் வேலை இரண்டே இரண்டு. ஒன்று பாங்க் காசாளர், அவருக்குச் சாகிற உத்தேசம் இல்லை. இன்னொன்று தபாலாபீஸ் ஜன்னல், அங்கே மெர்லின் அக்கா ஆர்டிஸ் இருபது வருஷமாக வேர்விட்டு உட்கார்ந்திருந்தாள்.

மிச்சம் இருந்தது தபால் வழிக் கல்வி. மெர்ல் வாங்கும் மெக்கானிக் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களைத் திறந்தால் அமெரிக்கா முழுவதும் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு மோட்சம் தயாராக இருக்கும். டெலிவிஷன் ரிப்பேர், மெத்தை தைப்பது, பங்களா வரைபடம் போடுவது. எல்லாவற்றுக்கும் கீழே புள்ளிக்கோடு போட்ட ஒரு கூப்பன். கத்தரித்து அனுப்பினால் போதும், நீங்கள் வேறு மனிதராகிவிடுவீர்கள்.

மெர்ல் ஒரு கூப்பன் மேல் விரலை வைத்தான். "லவோன், இது எப்படி?"

கூப்பன் படத்திலிருந்து காட்டுக்கோழி ஒன்று கண்ணாடிக் கண்ணோடு என்னைப் பார்த்தது. செத்த பறவைகளுக்குள் பஞ்சு அடைத்து அலமாரியில் நிறுத்தும் வித்தை.

"எங்க வச்சு அடைப்ப?"

"சமையல் மேஜைதான் அகலமா இருக்கு."

"அங்கதான் நான் ரொட்டிக்கு மாவு பிசையறேன்."

"நீ பிசைஞ்சு முடிச்சதும் நான்..."

"மெர்ல். அடுத்த பக்கம் திருப்பு."

அடுத்த பக்கத்தில்தான் பூட்டு இருந்தது. 'பூட்டுத் தொழில் கற்றுக்கொள்ளுங்கள்! உங்கள் ஊருக்கு நீங்கள் தேவை!' என்று டை கட்டிய ஒருவன் சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பக்கத்தை அவன் திருப்பிவிடாமல் கையால் அழுத்திக்கொண்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எல்க் டேலில் நானூற்றுப் பத்துப் பேர். யாரும் கதவைப் பூட்டுவதில்லை. சாவி எங்கே என்று கேட்டால் சாவியா என்று திருப்பிக் கேட்பார்கள். கதவைத் தட்டுகிறவன் ஒன்று பிரஷ் விற்கிறவன், இல்லை யாரோ செத்த சேதி கொண்டு வருகிறவன். மற்றவர்கள் எல்லோரும் சமையலறைப் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அடுப்பருகே நின்று "யூஹூ" என்று குரல் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் நட்பு. இந்த நட்பில் தங்க மெடல் வாங்கக்கூடியவள் என் நாத்தனார் ஆர்டிஸ். நான் குளியல் தொட்டியில் கிடக்கும்போது உள்ளே வந்து, கேக் தட்டு எங்கே என்று கேட்டு, பதில் வரும்வரை தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மார்ச் மாதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு அப்போது மூன்று மாதம். செப்டம்பர் இருபது என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆர்டிஸ் என் மேஜை இழுப்பறையில் ஸ்டாம்பு தேடிக் காகிதத்தைக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவாலயத்தில் எல்லோருக்கும் தேதி மனப்பாடம். அடுத்த வாரம் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி முதல் சொட்டுக் கண்ணீர் விடுவதற்குள் "யூஹூ". நூடுல்ஸும் டின் மீனும் காளான் சூப்பும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷோடு ஆர்டிஸ். அவளுக்குப் பின்னால் மாதர் சங்கம். நான்கு நாளில் பத்தொன்பது ஹாட்டிஷ். என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், ஒருத்திகூட வெளியே போகவில்லை. அவர்களுக்கு முன்னால் அழ எனக்கு வராது. அன்றிலிருந்து அது உள்ளேயே கிடந்தது.

செப்டம்பர் இருபது வரும். அதே கூட்டம் அதே பாத்திரங்களோடு வரும் என்பதும் எனக்குத் தெரியும். அன்று எனக்கு உள்ளே இருந்து பூட்டிக்கொள்ள ஒரு கதவு வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு கொக்கி வாங்கி மாட்டினால் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். மாட்டினேன், ஏப்ரலில். மதியம் ஆர்டிஸ் கதவைத் தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று முடிவு செய்து, எதிர்வீட்டு ஹார்லன் ரூடைக் கூப்பிட்டுக் கதவைக் கீலோடு கழற்றினாள். சாயங்காலம் பாதிரியார் வந்து, எனக்கும் மெர்லுக்கும் ஏதாவது மனத்தாங்கலா என்று மெதுவாக விசாரித்தார். எங்கள் ஊரில் கதவைத் தாழிட்டால் உள்ளே பிணம் இருக்கிறது, இல்லையென்றால் விவாகரத்து இருக்கிறது. மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியாது.

அந்த மூன்றாவது காரணம்தான் இப்போது டை கட்டிச் சிரித்தது. புருஷன் பூட்டுத் தொழில் படிக்கிறான், வீட்டுக் கதவில்தான் பழக வேண்டும். இதில் யாருக்கு என்ன மனத்தாங்கல் வந்துவிடும்?

"இந்த ஊர்ல எவன் பூட்டறான், லவோன்?" என்றான் மெர்ல்.

"காலம் மாறுது. ஊரெல்லாம் திருட்டாம்."

"எந்த ஊர்ல?"

"சிகாகோல."

"சிகாகோவுக்கும் நமக்கும் முந்நூறு மைல்."

"திருடன் ரயில்ல வரமாட்டானா?"

மெர்ல் யோசித்தான். அவன் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் நான் ஜெயித்த மாதிரி. பூட்டுத் தொழில் சொல்லித்தரும் பள்ளிகள் அந்தப் பத்திரிகையில் மூன்று; மூன்றின் கூப்பன்களையும் நானே கத்தரித்தேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது, பதில் வரும் வழி ஆர்டிஸின் ஜன்னல். அவள் அதை ஜன்னலில் வைத்துக் கொடுக்கிறவளும் இல்லை. மத்தியானம் தபாலாபீஸைச் சாத்தினதும் நேரே எங்கள் சமையலறைக்கு வந்து, மூன்று கையேடுகளையும் மேஜை மேல் போட்டாள். ஒன்றை வழியிலேயே படித்து முடித்திருந்தாள்.

"ஏன்டா மெர்ல், பூட்டா? இதுக்கு உன் பத்திரிகைல இருக்கற அந்தக் கோழியையே அடைச்சிருக்கலாம்."

"லவோன்தான்..." என்று ஆரம்பித்தவனின் காலை மேஜைக்கடியில் மிதித்தேன்.

"எனக்கு ஆசை அக்கா," என்றான் மெர்ல். நல்ல பிள்ளை.

சிகாகோ பள்ளி பெரிய இடம். அறுபது பாடம், இரண்டு வருஷம், முடிவில் பாங்க் பெட்டகம்கூடத் திறக்கலாம். எங்கள் பாங்க் பெட்டகம் ஏற்கெனவே பாதி நாள் திறந்துதான் கிடக்கும். நியூ ஜெர்சிப் பள்ளியின் கையேட்டில் சிரிக்கிற ஆளே இல்லை, பூட்டின் வயிற்றைக் கீறிப் படம் போட்டிருந்தார்கள். பூட்டுக்குள் இறக்கும் ஊசிகள் எல்லா அளவிலும், பல் வெட்டாத சாவித் தகடுகள் முந்நூறும் தருவார்களாம். பத்து மாதம் ஆகும். மெர்லுக்கு அதுதான் பிடித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அதையே புரட்டினான்.

"இவனுங்க ஒழுங்கா சொல்லித் தருவானுங்க போலிருக்கு லவோன்."

"பத்து மாசமா? அதுக்குள்ள நமக்கு வயசாயிடும்."

மூன்றாவது, கான்சாஸில் ஏதோ ஒரு பெட்டி எண். இருபது பாடம், பன்னிரண்டு வாரம். காகிதம் எண்ணெய்த்தாள் மாதிரி மெல்லிசு. முதல் பக்கத்திலேயே இரண்டு எழுத்துப்பிழை. ஆனால் அதில் ஒரு வரி இருந்தது: 'ஆறாவது பாடத்துடன் உங்கள் வீட்டுக் கதவுக்கான அசல் பூட்டு ஒன்று இலவசம்.' விரல் விட்டு எண்ணினேன். ஜூலை.

"இதுதான்," என்றேன்.

"இதுலயா? பாடத்தைவிட விளம்பரம் பெரிசா இருக்கே."

"உன் கையில திறமை இருக்கு மெர்ல். உனக்கு எதுக்குப் பெரிய பள்ளிக்கூடம்?"

பத்து வருஷக் கல்யாணத்தில் நான் அவனை அப்படிப் புகழ்ந்தது முதல் தடவை. அவன் காது சிவந்துவிட்டது. அன்றே கையெழுத்துப் போட்டான். அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற இரண்டு பள்ளிகளும் அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் 'அன்பு நண்பர் மெர்லுக்கு' என்று எழுதி, ஏன் இந்த மௌனம் என்று கேட்டன. என் அம்மாகூட எனக்கு அவ்வளவு உருக்கமாக எழுதியதில்லை.

பாடங்களை ஒவ்வொன்றாக ஆர்டிஸே கொண்டுவந்து கொடுத்தாள். தன்னை வெளியே நிறுத்தப்போகிற பூட்டை, அது இருந்த கனமான பொட்டலத்தை, ஜூலை மாத வெயிலில் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

மெர்ல் உண்மையாகவே கெட்டிக்காரன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தூசி படிந்த தடித்த விரல்கள், ஆனால் குச்சி மாதிரி ஐந்து பித்தளை ஊசிகளைப் பூட்டுக்குள் வரிசையாக இறக்குவான். ஊசிகளின் உயரத்துக்கும் சாவியின் பற்களுக்கும் பொருத்தம் இருந்தால் பூட்டு சுழலும், இல்லாவிட்டால் சுழலாது. இருமல்கூட அந்த நேரத்தில் அவனை விட்டு விலகி நிற்கும். பின்கதவில் பூட்டைப் பொருத்தி, எண்ணெய் போட்டு, சாவியை என் கையில் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் பூட்டிப் பார்த்தேன். கைப்பிடி ஆடியது.

"லவோன்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அக்கா. மெர்லோட பாடம்."

"ஓ, பாடமா," என்று ஆர்டிஸ் திரும்பிப் போனாள். ஹார்லன் ரூடைக் கூப்பிடவில்லை. பாதிரியார் வரவில்லை. பழைய பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. செப்டம்பருக்கு இந்தக் கதவு போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் சான்றிதழ் வந்தது. தங்க நிற முத்திரை ஒட்டி, மெர்லின் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தார்கள். ஒரு பலகை எழுதி வாசலில் தொங்கவிட்டான். ஒரு வாரம் யாரும் வரவில்லை. வருவார்களா? குதிரையே இல்லாத ஊரில் லாடம் அடிக்கக் கடை போட்ட கதைதான். மெர்ல் தினமும் பலகையைத் துடைத்துவிட்டு வந்து, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். என்னால் வந்த வினை என்று எனக்கு மட்டும் தெரியும். அவனைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அப்போதுதான் ஊருக்கு இரக்கம் வந்தது. எங்கள் ஊர் இரக்கம் வந்தால் மொத்தமாக வரும். ஆர்டிஸ் மாதர் சங்கத்தில் எழுந்து நின்று, "என் தம்பி நுரையீரல் போயி உட்கார்ந்திருக்கான், நாம ஆளுக்கொரு பூட்டு போட்டுக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டாளாம். பத்து நாளில் முப்பது வீட்டில் பூட்டு. பூட்டுவதற்காக யாரும் வாங்கவில்லை. மெர்ல் நாள் முழுக்க ஊசியும் திருப்புளியுமாக ஓடினான், விசிலடித்தான், இரண்டாம் தடவை ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சரக்கு தீர்ந்தபோது கான்சாஸுக்கு எழுதி பூட்டுகளும் ஊசிகளும் சாவிகளும் வரவழைத்தான். எனக்கும் சந்தோஷம்தான்.

செப்டம்பர் பதினைந்து, ஞாயிறு. ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி. ஹார்லனின் மனைவி இங்கா ரூட், புதுப் பூட்டு ஆசையில் பூட்டிவிட்டு வந்திருந்த வீட்டுக்கு, காப்பி மேஜையில் கிடந்த சாவியோடு போய் கேக் எடுத்து வந்தவள், கையிலிருந்த சாவியை உற்றுப் பார்த்தாள்.

"இது என் சாவி இல்லியே. சிவப்பு நாடா கட்டியிருக்கு. இது கிளாரிஸோடது."

"அப்ப எப்படிக் கதவைத் தொறந்த?" என்றாள் அதே மேஜையில் உட்கார்ந்திருந்த கிளாரிஸ்.

"தொறந்துச்சே."

கீழ்த்தளம் முழுக்க நாற்காலிகள் நகர்ந்தன. லுத்தரன் சபையின் பாதிப் பேர் கோட்டும் தொப்பியுமாகத் தெருவில் இறங்கி, அவரவர் சாவியை அடுத்தவர் கதவில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாச் சாவியும் எல்லாக் கதவையும் திறந்தது. கான்சாஸ்காரன் அனுப்பியதெல்லாம் ஒரே அளவு ஊசி, ஒரே பல் வைத்த சாவி. வெவ்வேறு அளவுகள் என்ற விஷயமே உயர்நிலைப் பாடத்தில்தான் வருகிறதாம், அதற்குத் தனிக் கூப்பன்.

மெர்ல் காரில் போய் உட்கார்ந்துகொண்டான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தான்.

"எல்லாத்தையும் கழட்டிடறேன் லவோன். அந்த நியூ ஜெர்சிக்காரன் படத்துலயே காட்டியிருந்தான். நாந்தான் முட்டாள்."

நான்தான் தேர்ந்தெடுத்தேன், எனக்கு ஜூலையில் பூட்டு வேண்டியிருந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் கார் ஜன்னலை ஹார்லன் ரூட் தட்டினார்.

"மெர்ல், பிரமாதம்டா. இனிமே சாவி தொலைஞ்சா பக்கத்து வீட்ல வாங்கிக்கலாம். இதுல கை வச்சுடாத."

ஊரே அதைத்தான் சொன்னது. இப்படி யோசிக்க மெர்லுக்குத்தான் வரும் என்றார்கள். அவரவர் வீட்டில் பூட்டும் இருக்கிறது, யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகலாம், எதுவும் மாறவில்லை. எல்க் டேலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மெர்ல் காரை விட்டு இறங்கி இரண்டாவது காப்பி குடிக்கப் போனான். நான் உட்கார்ந்தே இருந்தேன். என் கதவுக்கு இப்போது ஊரில் முப்பது சாவி. அதில் ஒன்று ஆர்டிஸின் கழுத்தில், மூக்குக்கண்ணாடிச் சங்கிலியோடு சேர்ந்து தொங்கியது. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மெர்லைப் பக்கத்து ஊருக்கு எண்ணெய் வாங்க அனுப்பினேன். தேதி அவனுக்கும் தெரியும், தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். பின்கதவைப் பூட்டினேன். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தேதான் பூட்டினேன். சமையலறைத் தரையில், அடுப்பில் சாய்ந்து உட்கார்ந்தேன். மார்ச்சிலிருந்து உள்ளே கிடந்தது வெளியே வந்தது. நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் படியில் காலடி. அந்தக் காலடி எனக்குத் தெரியும். "யூ..." என்று பாதியில் நின்றது. கைப்பிடி ஆடியது. பிறகு சாவி உள்ளே நுழைந்தது. ஏப்ரனை முகத்தில் அழுத்திக்கொண்டேன், அழுகை நிற்கவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை. சாவி இறுகிச் சுழன்று, க்ளக் என்று பூட்டு திறந்தது.

கதவு திறக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. என்னுடையது அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. பத்து வருஷத்தில் என் நாத்தனார் ஒரு கதவுக்கு வெளியே நின்றதை நான் பார்த்ததில்லை.

மறுபடி க்ளக் என்றது. பூட்டிவிட்டாள்.

படியில் பாத்திரம் வைக்கும் சத்தம். அவள் இறங்கிப் போவாள் என்று காத்திருந்தேன். படி கிறீச்சிட்டது, அவள் உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் முற்றத்தில் பெண்களின் பேச்சு.

"என்ன ஆர்டிஸ், வெளிய உக்காந்திருக்க? உள்ள போகலையா?" இங்காவின் குரல்.

"உள்ள பாடம் நடக்குது."

"மெர்ல் கார்ல போறதைப் பார்த்தேனே. சாவி என்கிட்டயும் இருக்கு, இரு..."

"இங்கா. பாத்திரத்தை இங்க வச்சிட்டுப் போ."

ஒரு மணிக்குத் தபாலாபீஸ் திறக்க வேண்டும். திறக்கவில்லை. அது ஊரில் கிறிஸ்துமஸ் வரை பேச்சாக இருந்தது. நான் இரண்டு மணி வரை அழுதேன். முகம் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தபோது படியில் வரிசையாக ஏழு ஹாட்டிஷ் இருந்தது. ஆர்டிஸ் இல்லை.

மறுநாள் காலை "யூஹூ". தட்டவில்லை, கொள்ளவில்லை, நேரே அடுப்புக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

"உப்பு போட்டியா? அந்த நீலப் பாத்திரம் என்னோடது, காலியானதும் குடு." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தப் பூட்டு ரொம்ப இறுக்கமா இருக்கு லவோன். சாவி போட்டா தெரு வரைக்கும் சத்தம். மெர்ல்கிட்ட எண்ணெய் போடச் சொல்லட்டுமா?"

"வேணாம் அக்கா. அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் எனக்குக் காப்பி ஊற்றினாள்.